கடை முட்டையில் கரு தேடினோம்

திண்டுக்கல்லில் நான் விலங்கியல் படித்த கல்லூரியில் கருவியல் ஆய்வகம் என்று ஓர் அறை இருந்தது. அங்கே கருவை மட்டும் யாரும் பார்த்ததில்லை. கோழிக் கரு வளரும் நிலைகள் சுவரில் படங்களாகத் தொங்கின. அவற்றைப் பார்த்து இதயத்துக்குச் சிவப்பு, நரம்புக் குழாய்க்கு நீலம் என்று வரைந்து கொடுத்தால் மதிப்பெண் வந்துவிடும். முட்டைகளைச் சூட்டில் வைப்பதற்கென்று வாங்கிய இன்குபேட்டரில் ஆசிரியர்களின் மதியச் சாப்பாட்டுக்குத் தயிர் உறைந்துகொண்டிருந்தது. கெட்டித் தயிர் என்று வேதியியல் துறை வரைக்கும் பெயர்.

நான் இறுதியாண்டு படிக்கையில் கல்லூரியை மதிப்பிட ஆய்வுக் குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. செய்முறை வகுப்பை நேரில் பார்ப்பார்களாம். துறைத் தலைவருக்கு வியர்த்துவிட்டது. தயிர்ச் சட்டி வெளியேறியது. கடையிலிருந்து ஒரு தட்டு வெள்ளை முட்டை வந்து இன்குபேட்டருக்குள் ஏறியது.

மூன்று நாள் கழித்து ஒத்திகைக்காக ஒன்றை உடைத்தோம். வெள்ளை, மஞ்சள், அவ்வளவுதான். அடுத்ததும் அப்படியே. துறைத் தலைவர் லென்ஸை வைத்துக்கொண்டு, "ரொம்ப ஆரம்ப நிலை. உத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். பின்வரிசையில் ஒருவன், "தெரியுது சார்" என்றே சொல்லிவிட்டான்.

நான் எழுந்து, "சார், இது பண்ணை முட்டை. சேவல் சேராத முட்டையில எப்படி சார் கரு வரும்?" என்று கேட்டேன்.

வகுப்பே சிரித்தது. மூன்று வருடமாக எங்களுக்கு இனப்பெருக்கப் பாடம் நடத்தியவருக்கு முகம் சிவந்துபோனது. "பொம்பளப்பிள்ள பேசுற பேச்சா இது? உக்காரு" என்றார். இடைவேளையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தணித்தார். "ஏம்மா, அந்த மாதிரி முட்டை எங்க கிடைக்கும்?"

என் தோழிக்கு ஊர் எரியோடு. அவள் வீட்டில் நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் உண்டு. இருவரும் பஸ் ஏறிப் போனோம். அவள் அம்மா முட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டே, "பொரிச்சதும் குஞ்சுகளத் திருப்பித் தந்துருவீங்கள்ல?" என்றார்.

தோழி என்னைப் பார்த்தாள். "இல்லம்மா, பொரிக்க விடமாட்டோம். உள்ள எப்படி வளருதுன்னு நடுவுல உடச்சுப் பாப்போம்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கா காலேஜுக்குப் போறீக?" என்றபடி பாதி முட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மீதியை உமிக்குள் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம்.

குழு வந்த அன்று, மூன்று நாள் இன்குபேட்டரில் இருந்த ஒரு முட்டையைக் கிடத்தி, ஓட்டின் மேல் கத்தரியால் சின்ன ஜன்னல் வெட்டினேன். வந்தவர்கள் அதற்குள் சுவர்ப் படங்களைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் கருவின் மேல் மெல்லிய சிவப்பு இழைகள் படர்ந்திருந்தன. நடுவில் கடுகளவுக்கு ஒரு புள்ளி துடித்தது. நான், "சார்" என்றேன். துறைத் தலைவர் மட்டும் வந்து குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"துடிக்குதும்மா" என்றார்.

பிரியாணி ஆறிவிடும் என்று முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்தது. குழு உடனே கிளம்பியது. முட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "நீங்க போங்க, செத்த நேரத்துல வாரேன்" என்ற துறைத் தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜன்னலை டேப் ஒட்டி மூடி மறுபடி சூட்டில் வைத்தோம். சாயங்காலம் பார்த்தபோது துடிப்பு நின்றிருந்தது. கெடாமல் இருக்க ஃபார்மலினில் போட்டு வைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

மறுநாள் வகுப்பில் அவர் வழக்கம்போலப் புத்தகத்தை விரித்தார். சிறிது நேரம் பக்கங்களைப் புரட்டிவிட்டு மூடி வைத்தார்.

"நேத்து நான் ஒண்ணு பாத்தேன்" என்று ஆரம்பித்தார். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்.