மைத்துனனுக்குப் போன பொட்டலம்

அவனுக்குக் கம்பி என்று பெயர் வைத்தவர்கள் பாதாளச் சாக்கடைப் பிரிவின் பழைய ஆட்கள். அவன் வேலைக்குச் சேர்ந்தபோது தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் வண்டிகள் வந்திருக்கவில்லை. நீள நீளமான இரும்புக் கம்பிகளை ஒன்றோடொன்று முடுக்கி, குழிக்குள் விட்டு, குத்திக் குத்தித்தான் வழி பண்ணுவார்கள். புதிதாக வந்த ஒடிசலான பையனைப் பார்த்த மேஸ்திரி, "இதுல எது கம்பி, எது ஆளு?" என்று கேட்டார். அன்றைக்கு ஒட்டிய பெயர். பிறகு உடம்பு மாறியது, பெயர் மாறவில்லை. சட்டையின் நடுப் பொத்தான் அவனுக்கு மாட்டிப் பல வருஷமாயிற்று. "கம்பின்னு சொல்லித்தான் என்னைக் கட்டி வச்சாங்க. இப்பப் பாருங்க, தூணு" என்று அவன் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய தம்பிதான் ஜெட் வண்டிக்கு டிரைவர். எலும்பும் தோலுமாக இருப்பான். கம்பியோடு சேர்ந்து வந்த குற்றத்துக்காக அவனுக்கு நூல் என்று பெயராகிவிட்டது. கல்யாணமாகி, ஒத்துவராமல் பிரிந்து, அக்கா வீட்டின் பின்னறையில் வந்து தங்கியவன். புருஷனும் தம்பியும் ஒரே வண்டியில் போவதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு. குழியில் விஷவாயு ஏறி மூச்சு நின்றுபோன ஆட்களைத் தூக்கிவருவதை அங்கே பார்த்திருக்கிறாள். "ஒருத்தருக்கு ஒருத்தர் கண்ணு வச்சுக்குங்க" என்று தினமும் காலையில் இரண்டு பேரிடமும் சொல்லி அனுப்புவாள். அவள் பயமெல்லாம் குழியைப் பற்றித்தான்.

அவர்களுடைய வேலையில் பாதி ஒரே தெருவில் கழிந்தது. கோழி, மீன், உருளைக்கிழங்கு என்று எதைக் கொடுத்தாலும் மாவில் புரட்டி எண்ணெயில் போட்டு எடுக்கிற கடைகள் இரண்டு பக்கமும் வரிசையாக இருந்த தெரு. கடை எடுத்துவைக்கிற நேரத்தில் சட்டிகளில் மிஞ்சிய எண்ணெயைச் சுடுதண்ணீரோடு சேர்த்துக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடுவார்கள். சூடாக இருக்கும்வரை அது தண்ணீர் மாதிரியே போகும். தெருமுனை தாண்டுவதற்குள் ஆறி, குழாயின் சுவரில் ஒட்டும். மறுநாள் ஊற்றுவது அதன்மேல் ஒட்டும். நாளாக நாளாக வெள்ளைக் கல்லாக இறுகும். மலநாற்றம் குளித்தால் போய்விடும். இந்தக் கெட்டுப்போன கொழுப்பின் வாடை தலைமுடியில் உட்கார்ந்துகொண்டு தலையணைவரை வரும்.

அடைத்துக்கொண்டால் அழுக்குத் தண்ணீர் முதலில் எதிர்த்து வருவது கடைகளின் சமையலறைக்குள்தான். புகார் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து இறங்கி வருவதற்குள் அன்றைய வியாபாரம் போய்விடும். அதனால் கடைக்காரர்கள் ஆட்களை நேரடியாகவே கையில் போட்டுக்கொண்டார்கள். பணமாக யாரும் நீட்டியதில்லை. வேலை முடிந்ததும் சூடாக ஒரு பொட்டலம் வரும், ஆளுக்கு ஒன்று. அந்தத் தெருவிலேயே பெரிய கடையை வைத்திருந்தவர் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுப்பார். "சாப்பிட்டுட்டுப் போங்கப்பா, நம்ம கடை சரக்கு" என்பார். "இதை லஞ்சம்னு யாராவது சொல்லுவானா மாமா? ஆறிப்போனா நாய்கூடத் தொடாது" என்று நூல் வண்டிக்குள் உட்கார்ந்து பிரிப்பான். காலுக்குக் கீழே குழாயில் கிடப்பதும் மடியில் கிடப்பதும் ஒரே சட்டியிலிருந்து வந்ததுதான் என்று இருவருக்கும் தெரியும். சொல்லிச் சிரித்தும் இருக்கிறார்கள். தெரிந்து என்ன? பசி நேரம், காசு கொடுக்காத கோழி.

ஒரு நாள் பணியாளர்களுக்கு உடல் பரிசோதனை முகாம் போட்டார்கள். நூல் போகவில்லை. "எனக்கெதுக்கு? அளந்து பாக்க என்கிட்ட என்ன இருக்கு?" என்று வண்டிக்குள்ளேயே காலை நீட்டிப் படுத்துக்கொண்டான். கம்பி போனான். அங்கிருந்த டாக்டர் அம்மா இரத்த அழுத்தத்தைப் பார்த்தாள், இரத்தத்தில் கொழுப்பைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எண்ணெயில போட்டு எடுத்த எதையும் இனிமே தொடாதீங்க. விளையாட்டில்ல இது."

வீட்டில் வந்து சொன்னதும் மனைவி அன்றைக்கே அடுப்பங்கரைச் சட்டத்தை மாற்றிவிட்டாள். வேகவைத்த காய், உப்புக் குறைத்த குழம்பு. அவன் தட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"கடையில பொட்டலம் குடுப்பாங்களே, அதை என்ன பண்றது? வேணாம்னா மூஞ்சியைத் தூக்கிக்குவாங்க."

"ஏன், என் தம்பி இல்லையா? அவன்கிட்ட குடுங்க. காத்தடிச்சாப் பறந்துடுவான் போல இருக்கான். ரெண்டு வாய் கூடத் தின்னாலாவது உடம்பு ஒட்டும்."

பின்னறையிலிருந்து நூல் குரல் கொடுத்தான். "அக்கா வாக்கே வேத வாக்கு!"

அன்றிலிருந்து இரண்டு பொட்டலமும் நூலுக்கே போயிற்று. கம்பி பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். தொடக்கத்தில் நாக்கு ஊறியது. போகப் போக, மொறுமொறுவென்று அவன் கடிக்கிற சத்தத்தைக் கேட்பதிலேயே ஒரு திருப்தி வந்தது. "பாத்தே பசியாறுற ஆளு நீங்க ஒருத்தருதான் மாமா" என்று நூல் விரல்களை நக்கிக்கொண்டே சொல்வான். கம்பி கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தான். சட்டைப் பொத்தான் மாட்டிய அன்றைக்கு மனைவி அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். நூல் எப்போதும்போல் நூலாகவே இருந்தான்.

அந்த மழைக்காலத்தில் நூல் இடது தோளை அடிக்கடி தேய்த்துக்கொண்டான். ஸ்டியரிங் இறுகிப்போயிருக்கிறது, பணிமனையில் சொல்ல வேண்டும் என்றான். படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினான். சாப்பிட்டதும் நெஞ்சைக் கரிக்கிறது என்று சோடா வாங்கிக் குடித்து, நீளமாக ஒரு ஏப்பம் விட்டு, "வாயு, வேறென்ன" என்றான். கம்பி தன் சட்டைப் பையிலிருந்த நெஞ்செரிச்சல் மாத்திரையை எடுத்துக் கொடுத்தான். போட்டுக்கொண்டான்.

அப்படி ஒரு நாள் அடைப்பு பெரிய கடைக்குப் பின்னால் இருந்தது. கடைகளின் முதுகுப்புறம் தாழ்வான ஒற்றை அறைகள் ஒரு வரிசை உண்டு. அதில் ஒன்றில் தையல்காரி ஒருத்தி குடியிருந்தாள். அவளுடைய குளியலறை ஓட்டை வழியாகச் சாக்கடை பொங்கி, வாசல்வரை வந்து நின்றது. தரையில் அடுக்கிவைத்திருந்த துணியெல்லாம் போயிற்று. யாரோ ஒரு பெண்ணின் கல்யாண உடுப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். ஓரத்திலிருந்து மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"கொட்டுறது அவங்க, குளிக்கிறது நானா? இதுக்கு யாருங்க பதில் சொல்றது?"

கம்பி அவளைப் பார்க்காமல் குனிந்தான். மேன்ஹோல் மூடியை நெம்பித் திறந்தான். தண்ணீர் பீய்ச்சுகிற குழாய் உள்ளே கொஞ்ச தூரம் போய் முட்டி நின்றது. நூல் அழுத்தத்தைக் கூட்டினான். குழாய் துள்ளியதே தவிர நகரவில்லை. பழையபடி இரும்புக் கம்பியும் கொக்கியும் எடுத்து, இரண்டு பேருமாக மாறி மாறிக் குத்தினார்கள். கொழுப்புக் கல் துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. ஒரு துண்டில் குழாயின் உள்வட்டம் அச்சுப்போல அப்படியே பதிந்திருந்தது. நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம். இவ்வளவு நாளும் இத்தனை கடைத் தண்ணீரும் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. கடைசியில் உள்ளே எங்கோ மடக்கென்று ஒரு சத்தம் கேட்டு, தேங்கியதெல்லாம் சுழித்துக்கொண்டு இறங்கியது. நூல் வேர்த்து நனைந்திருந்தான். முகம் சாம்பலாக இருந்தது. புழுக்கம் என்றான்.

பெரிய கடைக்காரர் பொட்டலங்களோடு வந்தார். தையல்காரி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதால் கம்பிக்குக் கூசியது; வாங்கி, வண்டியின் ஜன்னல் வழியாக நூலிடம் நீட்டிவிட்டுக் குழாயைச் சுருட்டப் போனான். சுருட்டி, மூடியைப் போட்டு, மேலே ஏறி மிதித்துச் சரிபார்க்கும்போது வண்டியின் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது.

"வரேன்டா! அதுக்குள்ள என்ன அவசரம்?"

ஹாரன் நிற்கவில்லை. தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "டேய், போதும்டா வெளையாட்டு" என்று திட்டிக்கொண்டே கம்பி கதவைத் திறந்தான். நூலின் நெற்றி ஸ்டியரிங்கின் நடுவில் அழுந்திக் கிடந்தது. மடியில் இரண்டாவது பொட்டலம் பிரித்தபடி இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதே உயிர் இல்லை. டாக்டர் கம்பியை ஓரமாக அழைத்துப் பேசினார். நெஞ்சுக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்திருக்க வேண்டும், இது திடீரென்று வருவதில்லை, நாள்பட்டு வந்திருக்கும் என்றார்.

"அவன் ரொம்ப ஒல்லிங்க டாக்டர்" என்றான் கம்பி, ஏதோ அவர் ஆள் மாறிப் பேசுவது போல.

"ஒல்லியா இருக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. சிலருக்கு வெளியில தெரியாது, உள்ளதான் படியும். சிகரெட் உண்டா?"

"உண்டு."

"சாப்பாடு எப்படி?"

கம்பி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். டாக்டர் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். குழாய் ஒரு நாளில் அடைவதில்லை, துவாரம் விரலளவுக்கு வரும்வரை மேலே இருக்கிறவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று எத்தனை கடைக்காரர்களிடம் அவன் மணிக்கணக்காகச் சொல்லியிருக்கிறான்.

கம்பியின் மனைவி வேலை செய்தது அதே ஆஸ்பத்திரியில்தான். யாரோ போய்ச் சொல்லி, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்தாள்.

"குழியிலயா?" என்றாள்.

"இல்ல. வண்டியில. உக்காந்த எடத்துலயே."

"என்ன பண்ணிட்டு இருந்தான்?"

"வண்டி எடுக்கறதுக்கு ரெடியா இருந்தான்."

பொய் இல்லை, ஆனாலும் பொய்தான். வண்டியைப் பணிமனையில் விடும்போது பொட்டலக் காகிதங்களைப் பொறுக்கி எடுத்து, சாலையோரக் குப்பைத்தொட்டியில் கண்ணில் படாதபடி அடியில் அமுக்கினான்.

அடக்கம் முடிந்த மறுநாள் பெரிய கடைக்காரர் துக்கம் கேட்க வந்தார். நல்ல மனிதர்தான், கண் கலங்கியிருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "தங்கமான பையன்மா. நான் குடுத்ததை ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்ல. கடைசி நாள்கூட ரெண்டு பொட்டலத்தையும் அவன்தான்..." என்று தொடங்கியவர், கம்பியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் எழுந்து உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். அவர் போன பிறகு தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் கத்துவாள், அடிப்பாள், "நீங்கதான் என் தம்பியைத் தின்ன வச்சீங்க" என்பாள் என்று கம்பி காத்திருந்தான். சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் சோறு போட்டாள், துணி துவைத்தாள், தேவைக்குப் பேசினாள். வந்த உறவுக்காரிகள் அவள் கையைப் பிடித்து, "தம்பிதான் போயிட்டான், நல்ல வேளை உன் புருஷன் வாயைக் கட்டித் தப்பிச்சாரு" என்றார்கள். அப்போது மட்டும் அவள் கையை உருவிக்கொண்டாள்.

அவளே வற்புறுத்தித்தான் அவனைப் பெரிய பரிசோதனைக்கு அனுப்பினாள். திரையில் அவன் நெஞ்சுக் குழாய்களைக் காட்டினார்கள். ஒன்று பாதிக்குமேல் சுருங்கியிருந்தது. அதில் ஸ்டென்ட் என்று சின்னதாக ஒரு வலைக்குழல் வைத்து விரித்துவிட்டார்கள். எண்ணெய்ப் பண்டத்தை நேரத்தோடு நிறுத்தினீர்கள், இல்லாவிட்டால்... என்று சொல்லத் தொடங்கிய டாக்டரை அவன் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினான்.

வேலைக்குத் திரும்பியதும் அந்தத் தெருக் கடைகள் எல்லாவற்றின்மேலும் சூப்பர்வைசரிடம் புகார் கொடுத்தான். சோதனை நடந்தது. கழுவுதொட்டிகளுக்கு அடியில் கொழுப்பைத் தடுத்து நிறுத்தும் இரும்புப் பெட்டிகள் வைத்தார்கள். பெட்டியை வைத்தார்களே தவிர யாரும் திறந்து வழிக்கவில்லை. அது நிறைந்து வழிந்து, அடுத்த மழைக்குள் குழாயில் மறுபடியும் கல் பிடித்தது. தையல்காரி வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டாள். புது டிரைவர் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கம்பி அவனிடம் நடந்ததையெல்லாம் சொன்னான். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்; அன்றைக்கு மட்டும் தான் சாப்பிடாமல் பொட்டலத்தை வீட்டுக்கு எடுத்துப் போனான். பிள்ளைகளுக்காம்.

அதைக் கேட்ட நாளில்தான் கம்பி சாப்பிட முடியாமல் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நான்தானே குடுக்கச் சொன்னேன்" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். இத்தனை மாதமும் அவள் தன்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்திருந்தான்.

"குடுத்தது நான்" என்றான்.

"சொன்னது நான்."

"யாருக்குத் தெரியும்? அவன் ஆசையாத்தான் தின்னான்..."

"அதை மட்டும் சொல்லாதீங்க" என்று அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதது, அடக்கத்தில் அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. அவன் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவன் மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டாள். இல்லை என்றான். எடுத்துவந்து கொடுத்தாள்.