நாலு மணி வெயில்

பெயர் சக்கரவர்த்தி. ஆண்ட நாடு முப்பத்திரண்டு பல். இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவருக்குக் கோபமும் வராது, சிரிப்பும் வராது. "நம்மகிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் பத்து பல்லு கூட இருக்காது சிஸ்டர்" என்பார்.

திருவண்ணாமலையில் அவலூர்ப்பேட்டை சாலையில் அரிசி ஆலைக்காரர் குடும்பம் ஒன்று தர்ம ஆஸ்பத்திரி நடத்தியது. 1971-இல் அங்கே பல் டாக்டராக வந்து சேர்ந்தார். வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை, சமண மதம். நான் மெஹ்ருன்னிசா, அவருக்கு இரண்டு வருஷம் முன்பே அங்கே நர்ஸாகச் சேர்ந்தவள். பல் பிரிவு என்றால் அவர், நான், ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு. அவ்வளவுதான்.

எம்.பி.பி.எஸ். சீட்டுக் கிடைக்காமல் பல்லுக்குப் போனவர் அவர். அந்தக் காயம் நாற்பது வயதிலும் ஆறவில்லை. கல்யாண வீட்டில் யாராவது "என்ன டாக்டர்?" என்று கேட்டால் "சும்மா டாக்டர்" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வாராம். அவருடைய மனைவி வேதா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வேலையும் அப்படித்தான் நடக்கும். பெஞ்சில் பத்துப் பேரை வரிசையாக உட்கார வைப்போம். அவர் முதல் ஆளிடம் "எந்தப் பல்லு?" என்பார். அந்த ஆள் விரலால் தொட்டுக் காட்டுவான். மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போவார். பத்தாவது ஆளுக்கு ஊசி போட்டு முடிப்பதற்குள் முதல் ஆளுக்கு மரத்திருக்கும். பிறகு குறடோடு திரும்ப முதலிலிருந்து வருவார். நான் தலையைப் பிடித்துக்கொள்வேன். காலையில் நாற்பது பல் விழும். அவர் கை சுத்தம்; வலிக்காது. ஆனால் பிடுங்கும் பல்லைத் தவிர வாய்க்குள் வேறு எதையும் பார்க்க மாட்டார். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவன் கூட வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பான்.

மத்தியானம் மூன்று மணி ஆனால் எழுந்துவிடுவார். சமணர்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. "சாப்பிடப் போகணும் சிஸ்டர்" என்று சொல்லி, மருந்து அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுப்பார். மத விஷயம். யார் வாயைத் திறப்பது? ஆஸ்பத்திரி ஐந்து மணி வரைக்கும் என்று வாசலில் பலகை இருந்தது. மூன்றிலிருந்து ஐந்து வரை வருகிறவர்களுக்கு நான்தான் டாக்டர்.

1974-இல் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் பருவம். அடி அண்ணாமலையிலிருந்து பொன்னி என்று ஒருத்தி வந்தாள். கூலி வேலை, முப்பது வயது இருக்கும். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

"உயிரு போவுதும்மா. எதுனா குடுங்க."

அப்போது மணி நாலு. கிராம்புத் தைலம் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. அவளை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் என் அத்தை செய்ததைச் சொன்னேன்.

"கொஞ்சம் புகையிலைய அந்தப் பல்லுக்கிட்ட அடக்கிக்க. மரத்துப் போவும். காலையில வந்துடு, டாக்டர் இருப்பாரு."

அவள் காலையில் வரவில்லை. வலி நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு மட்டுமா? அவளுக்கு முன்பும் பின்பும் எத்தனையோ பேருக்கு அதையே சொன்னேன். கைவைத்தியம் என்று கொஞ்சம் பெருமை கூட இருந்தது. தூ!

எட்டு வருஷம் கழித்து, 1982-இல், பொன்னி பெஞ்சில் ஏழாவதாக உட்கார்ந்திருந்தாள். கீழ்வரிசையில் இடது பக்கம் ஒரு பல் ஆடுகிறது என்றாள். நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவள்தான் சிரித்தாள். டாக்டர் "எந்தப் பல்லு?" என்றார். காட்டினாள். நான் தலையைப் பிடித்தேன். பல் சுலபமாக வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வரக்கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த ஆள் காத்திருந்தான்.

மூன்று வாரத்தில் திரும்ப வந்தாள். குழி ஆறவில்லை. உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து வந்தபோது தாடைக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அன்றைக்குத்தான் டாக்டர் முதன்முதலாக அவளுடைய கன்னத்தை விலக்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கையைக் கழுவினார். திரும்ப வந்து இன்னொரு முறை பார்த்தார். பல் தானாக ஆடவில்லை. அதன் அடியில் புற்று இருந்திருக்கிறது. அந்த இடத்தில்தான் குறடு போட்டு இழுத்திருக்கிறோம்.

வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே பார்த்துவிட்டு, நேரம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடைசி நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அடி அண்ணாமலைக்குப் போனேன். பொன்னியின் புருஷன் சடையன் வாசலில் இளநீர்க் குலையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். உள்ளே அவள் படுத்திருந்தாள். வாய் ஒரு விரல்கடை அளவுக்குமேல் திறக்கவில்லை. அந்த இடுக்கு வழியாகப் பேசினாள்.

"அன்னிக்கு நீங்க சொன்ன மருந்துதாம்மா. எட்டு வருசம் வலியே இல்ல. அப்புறம் அத வுடவே முடியல. உங்கள நெனைக்காத நாள் கெடையாது."

என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். புகழ்ந்துதான் சொன்னாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. 83 ஆடியில் அவள் செத்துப்போனாள்.

டாக்டர் வேலையை விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். ராஜினாமாக் கடிதம் எழுதி மேஜையில் வைத்திருந்ததை நானே பார்த்தேன். "பல்லப் பார்த்தேன், ஆளப் பார்க்கல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். எல்லாப் பழியையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். அதில் பாதி என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அவர் பாரம் குறைந்திருக்கும். அது தெரிந்தும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷமாக 'சிஸ்டர்' என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனுஷன். இனி எப்படிப் பார்ப்பாரோ என்ற பயம். பயத்துக்கு வேறு பெயர் வைக்க நான் தயாரில்லை.

கடிதத்தை அவர் கொடுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை வந்து பெஞ்சைத் தூக்கி வராந்தாவில் போடச் சொன்னார். ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார வைத்தார்.

"வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க. கன்னத்த நான் இழுக்கிறேன், பயப்படாதீங்க."

வாய் முழுக்கப் பார்த்த பிறகுதான் பல். காலையில் நாற்பது பல் விழுந்த இடத்தில் பன்னிரண்டு விழுந்தது. நிர்வாகத்தில் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்லூரிப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கி, பூச்சி அரித்த பக்கங்களை ஒட்டி, அட்டை போட்டுக்கொண்டு வந்தார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வேலூருக்குப் பஸ் ஏறிப் போய், தன்னைவிட இருபது வயது சின்ன டாக்டர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெள்ளைத் திட்டு எது, சிவப்புத் திட்டு எது, எது புற்றாகும், எது ஆகாது என்று படித்தார். ஐம்பத்திரண்டு வயதில்! திங்கட்கிழமை வந்து பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி எனக்கு அதையெல்லாம் சொல்வார். ஒருநாள் கை கழுவும்போது விசில் அடித்தார். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அந்த மனுஷனுக்குத் தன் தொழில் பிடித்துப்போக ஒருத்தி சாக வேண்டியிருந்தது. அதை நினைத்தால் அந்த விசில் எனக்கு இனிக்கவில்லை.

வலியில்லாத வாயைக் காட்ட யார் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்? அதனால் அவரே போனார். பௌர்ணமி அன்று மத்தியானம், மலை சுற்றுகிறவர்களுக்காகப் பாதையோரம் கடை போடுகிறவர்கள் வந்து கீற்று கட்டுவார்கள். அடி அண்ணாமலையில் ஒரு புளியமரத்தைத் தாண்டி, நிழல் இல்லாத இடமாகப் பார்த்து நாற்காலியை மேற்கே பார்த்துப் போடுவார். நாலு மணி வெயில் சாய்வாக வாய்க்குள் விழும். "ஆஸ்பத்திரி லைட்டுல தெரியாததெல்லாம் இதுல தெரியுது சிஸ்டர்" என்பார். வெயில் இருக்கும் வரைக்கும் பார்ப்பார். வெயில் போனால் பொழுதும் போனது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கிடையாது. ஒரு ரமலானில் அங்கே அவர் பக்கத்தில் நின்று பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன். என் நோன்பு முடிகிற நேரத்தில் அவருடைய பட்டினி ஆரம்பித்தது. 

ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். "பல்லு டாக்டருக்கு வேற வேல கம்மி போல" என்றார்கள். பிறகு பொரிக்கடைக்காரர் ஒருவருடைய கன்னத்தில் டாக்டர் திட்டு கண்டுபிடித்தார்; வேலூரில் வெட்டி எடுத்து, அந்த ஆள் பிழைத்து வந்தார். அதற்குப் பிறகு வரிசை நின்றது.

ஒவ்வொருவருக்கும் நான் நோட்டில் எழுத வேண்டும். பெயர், ஊர், வயது, வாயில் எந்த இடம். கடைசியாக ஒரு கேள்வி கேட்பார். "புகையிலை யார் சொல்லிப் பழகினீங்க?" மாமியார் என்பார்கள், கங்காணி என்பார்கள், கூட வேலை செய்கிறவள் என்பார்கள். இரண்டு பேர் "ஆஸ்பத்திரில சொன்னாங்க" என்றார்கள். டாக்டர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் "அக்கம்பக்கம்" என்று எழுதிக்கொண்டேன்.

1987-இல் ஒரு பௌர்ணமி அன்று சடையன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். நாலு வருஷமாக எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன். அவனாகவே வாயைத் திறந்தான். இடது கன்னத்தின் உட்புறம் கால் ரூபாய் அளவுக்கு வெள்ளைத் திட்டு. டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார். மிருதுவாகத்தான் இருந்தது. அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"பயப்படாத சடையா. ஆரம்பந்தான். வெட்டி எடுத்துட்டா போயிடும். புகையிலை யார் சொல்லிப் பழகினே?"

"யாரு சொல்லணும்? அவ போனப்புறம் அவ சுருக்குப் பையில இருந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல. வாயில போட்டுக்கினேன்."

"பொன்னிக்கு யார் சொன்னாங்க?"

சடையன் என்னைக் காட்டினான். கோபமாகக் காட்டவில்லை. பல்லைத் தொட்டுக் காட்டுகிற மாதிரி விரலை நீட்டினான்.

"இதோ, இந்த நர்ஸம்மாதான். பல்லு வலின்னு வந்தப்ப இவங்கதான் வெச்சிக்கச் சொன்னாங்களாம்."

பேனா என் கையில் இருந்தது. டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. சடையனிடம், "நாளைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு, நானே கூட வர்றேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். மீதி ஆறு பேரையும் நிதானமாகப் பார்த்து முடித்தார். வெயில் போய்விட்டது. நாற்காலியை மடித்தார்.

"நெசந்தான் டாக்டர்" என்றேன். "நான்தான் சொன்னேன். அவளுக்கு மட்டுமில்ல. இத்தன வருசமா உங்ககிட்ட மறச்சுட்டேன். திட்டுங்க."

அவர் மடித்த நாற்காலியைத் தரையில் சாய்த்து வைத்தார்.

"பொன்னி மொதல்ல வந்தது எத்தன மணிக்கு?"

"நாலு மணி."

"நிச்சயமா தெரியுமா?"

"தெரியும் டாக்டர். நீங்க மூணு மணிக்குச் சாப்பிடப் போயிட்டீங்க. அலமாரி பூட்டியிருந்துச்சு."

"வீட்டுல நாங்க சாப்பாட்டுக்கு உக்கார்றது அஞ்சரைக்கு சிஸ்டர்" என்றார். "ஆஸ்பத்திரியிலருந்து வீடு பத்து நிமிஷம். மீதி நேரமெல்லாம் ஈஸிசேர்ல சும்மா படுத்திருப்பேன். வேலை பிடிக்கல. சாப்பாட்டைச் சாக்கு சொன்னேன்."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். நோட்டில் சடையன் பெயருக்கு நேரே கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. யார் பெயரை எழுதட்டும் என்று கேட்டேன்.

"நம்ம ரெண்டு பேரையும் எழுதுங்க" என்றார்.

எழுதினேன்.