சூசை கழற்றாமல் வைத்த கிளாரினெட்

மார்ச் 12, புதன்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன், பால் வாங்கிவந்தேன். ஒன்பது மணிக்குக் கம்பைநல்லூரிலிருந்து சூசையின் மகள் வந்தாள். அவன் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்திருந்தது.

"அப்பா ஊதுன கிளாரினெட்டு உங்க வூட்டுல இருக்குதுங்களாமே? குடுத்தீங்கன்னா படத்துக்குக் கீழ வெச்சுக்குவோமுங்க."

பரணிலிருந்து துணிப்பையை இறக்கினேன். வாஸ்லின் வாசனை. உங்களுக்கு வாஸ்லின் என்றால் உதட்டு வெடிப்பு நினைவுக்கு வரலாம். எனக்குத் தருமபுரி பேருந்து நிலையத்தின் பின்னால் இருந்த மாடியறையும் எங்கள் பேண்டு செட்டும்தான்; கிளாரினெட் இணைப்புகளில் அதைத்தான் தடவுவோம். எட்டுப் பேருக்கு மரக் கிளாரினெட் ஒன்றே ஒன்று. சூசையும் நானும் மாற்றி மாற்றி ஊதுவோம். கடைசியாக ஊதியவன், சாப்பிட உட்காருமுன் அதைத் துண்டு துண்டாகக் கழற்றித் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தில் மரம் ஊறி இணைப்பு இறுகிவிடும். இந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

ஏரியூர்க் கல்யாணத்தில் கடைசியாக ஊதியதும் நான்தான். பந்தியில் இடம் போய்விடுமே என்று அப்படியே பையில் செருகினேன். மறுநாள் நடு இணைப்பு அசையவில்லை.

"ரெண்டு நாள் காத்தாட வுடுப்பா, தானா கழலும். கோவிச்சிட்டுப் போன பொண்டாட்டியா என்ன, கையப் புடிச்சு இழுக்க?" என்று சொல்லிவிட்டுச் சூசை டீ வாங்க இறங்கினான்.

பேண்டு மாஸ்டர் வருமுன் முடித்துவிட நினைத்தேன். துணி சுற்றி முறுக்கினேன். 'டிக்' என்றது. இணைப்பு கழலவில்லை, மேல் துண்டில் விரல் நீளத்துக்கு விரிசல்.

"நேத்து யாருப்பா கடைசியா ஊதுனது?" என்றார் மாஸ்டர். செட்டில் எந்தச் சந்தேகம் வந்தாலும் என் நாட்குறிப்பைத்தான் கேட்பார்கள். அதைப் புரட்டிப் பார்த்து, "சூசைங்க" என்றேன்.

இரண்டு டீயோடு வாசலில் நின்ற சூசை யோசித்தான். "இருக்குமுங்க. அவன் தப்பா எழுத மாட்டான்."

அன்றோடு அவனை நிறுத்திவிட்டார்கள். கம்பைநல்லூர் மண்டியில் மூட்டை தூக்கினான். பிறகு ஊதவே இல்லை.

மகள் விரிசலைத் தடவினாள். "இத வெடிக்க வுட்டது நான்தான்னு கடைசி வரைக்கும் சொல்லுவாருங்க."

"டீ குடிக்கிறியாம்மா?" என்று கேட்டேன். கழற்றிச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

செட்டு கலைந்தபோது விரிசல் விட்ட கிளாரினெட் என் பரணுக்கு வந்தது. மாஸ்டர் போய்விட்டார். மாடியறை இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்த நாட்குறிப்பு மட்டும் கரையான் படாமல் இருக்கிறது.

வியாழக்கிழமை எழுந்ததும், மோட்டார் போடுமுன், நடு இணைப்பை இரண்டு விரலால் திருப்பினேன். சத்தமில்லாமல் கழன்று வந்தது.