இரண்டு தபா செத்தவள்

சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே என்னையும் தம்பியையும் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டால்தான் அம்மாவுக்கு மூச்சு வரும். மஞ்சக்குப்பத்தில் அத்தை வீடு. அத்தை செஷன்ஸ் கோர்ட்டில் அரசு வக்கீல். மற்ற வீட்டுப் பிள்ளைகள் டீச்சர் விளையாட்டு விளையாடினால், நாங்கள் கொலை விளையாட்டு விளையாடினோம். யாரும் பதறவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே பிரேதப் பரிசோதனை பேசுகிற குடும்பம் அது.

நான்தான் ஜட்ஜ். அறிவாளி என்பதால் அல்ல, அத்தையின் பழைய கறுப்பு கோட்டை முதலில் பிடுங்கிக்கொண்டவள் என்பதால். தம்பி டவாலி. ஆள் பெயரை மூன்று முறை கூவிக் கூப்பிட வேண்டும். அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய்தான் தவறாமல் ஆஜராகும். ஆள் பற்றாக்குறையால் அத்தை மகனே குற்றவாளி, அவனே குற்றவாளியின் வக்கீல். கூண்டில் நின்று அழுதுவிட்டு, இந்தப் பக்கம் ஓடிவந்து தனக்காகத் தானே வாதாடுவான். அவன் தங்கை, ஆறு வயசுச் சின்னவள், பிணம். அந்த வேலையில் அவளுக்கு ஏகப் பெருமை. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டாள்.

வழக்குகளுக்குக் குறைவே இல்லை. அத்தை சமைத்துக்கொண்டே மாமாவிடம் வாதாடிப் பார்ப்பாள். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கும் மாமா, வெங்காயம் உரித்தபடி நீதிபதியாக வீற்றிருப்பார். அந்தக் கோடையில் பேச்செல்லாம் இரண்டு வழக்கைப் பற்றித்தான். திட்டக்குடிப் பக்கம் வரப்புத் தகராறில் ஒருவன் பக்கத்து நிலத்துக்காரரை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டான். அவனுக்கு ஆயுள் தண்டனை என்று தீர்ப்பாகிவிட்டது. கம்மாபுரத்துப் பக்கம் இன்னொருவன், அவனும் மண்வெட்டியால்தான், தன் பெண்டாட்டியைக் கொன்றான். இந்த வழக்கு மட்டும் இழுத்துக்கொண்டே கிடந்தது. புருஷன் பெண்டாட்டிச் சண்டை, அவள் ஏதோ சொல்லிவிட்டாள், திடீர் ஆத்திரம், இதைக் கொலையாக எடுக்காமல் தண்டனையைக் குறைக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வரப்புக்காரனுக்கு மட்டும் ஆத்திரம் முன்கூட்டியே சொல்லிட்டா வந்துது? அவனுக்கு யாராச்சும் பாவம் பாத்தாங்களா?" என்று அத்தை கரண்டியை ஆட்டுவாள். "இவன் கொல்லைக்கு நடந்து போயி மம்முட்டி எடுத்தாந்திருக்கான். இது திடீராங்க?"

"கோர்ட்டார் ஒத்துக்கிறாங்க. கொழம்புல காரம் மட்டும் ஜாஸ்தி ஆவாம பாத்துக்க" என்பார் மாமா.

கடைசி வாதத்துக்கு முந்தின நாள், கம்மாபுரத்திலிருந்து ஒரு அக்கா அத்தையைப் பார்க்க வந்தாள். செத்துப்போன பெண்ணின் கூடப்பிறந்தவள். வழக்கில் முக்கிய சாட்சி. இதெல்லாம் எங்களுக்கு யார் சொன்னார்கள்? பலாப்பழத்தோடு வந்தாள், ஆகவே நல்லவள், அவ்வளவுதான். அத்தை உள்ளறையில் போனில் இருந்தாள். அக்கா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கூடத்திலேயே பழத்தை அரிய உட்கார்ந்தாள். நாங்கள் அவள் எதிரிலேயே கோர்ட்டைக் கூட்டினோம். மாமா கண்ணாலேயே அதட்டிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு நாங்கள் என்றைக்கு அடங்கினோம்!

முதலில் வரப்பு வழக்கு. தென்னை மட்டையால் ஒரே அடி. சின்னவள் அழகாகச் செத்தாள். பூரிக்கட்டையால் தரையைத் தட்டி ஆயுள் தண்டனை கொடுத்தேன். நிஜக் கோர்ட்டில் யாரும் தட்டமாட்டார்கள் என்று அத்தை தலைதலையாய் அடித்துக்கொண்டும் நான் தட்டுவதை விடவில்லை. அடுத்து பெண்டாட்டி வழக்கு. மறுபடி மட்டை, மறுபடி சாவு. எதிர்த்தரப்பு வக்கீல் பேசியதாக அத்தை சமையலறையில் சொன்னதை அத்தை மகன் அப்படியே எடுத்துவிட்டான்.

"கனம் கோர்ட்டார் அவர்களே! செத்தது அவன் பொண்டாட்டிதான், வேற யாருமில்ல. குடும்ப விஷயம். கோவத்துல செஞ்சிட்டான். பாத்து செய்யணும்."

அவன் குரல் தழுதழுத்ததும் நான் உருகிப்போனேன். "சரி, பத்து வருஷம்" என்று தட்டினேன்.

பிணம் சடக்கென்று எழுந்து உட்கார்ந்தது.

"போங்காட்டம்! ரெண்டு தபாவும் நான்தான செத்தேன்? ரெண்டு தபாவும் அதே மட்டைதான? அதுக்கு ஆயுளு, இதுக்கு மட்டும் ஏன் கொறச்சல்?"

"அடியே, இதுல நீ அவன் பொண்டாட்டிடீ."

"அதனால? பொண்டாட்டின்னா கொஞ்சமாவா செத்தேன்?"

"பொணம் பேசக் கூடாது! பொணம் பேசக் கூடாது! பொணம் பேசக் கூடாது!" என்று டவாலி கூவ, நாய் வர, உரித்த வெங்காயத்தோடு மாமா சுவரில் சாய்ந்து சிரித்தார். அத்தை போனை அணைக்க மறந்து உள்ளறை வாசலில் நின்றாள். கம்மாபுரத்து அக்காதான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தாள். கையெல்லாம் பலாப்பிசின், முழங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். நான் பெருந்தன்மையோடு ஆயுளாக மாற்றித் தட்டினேன். சின்னவள் திருப்தியாக மறுபடி படுத்துச் செத்தாள்.

விடுமுறை முடியும் சமயத்தில் நிஜத் தீர்ப்பு வந்தது. கொலைதான், ஆயுள்தான். டாக்டர் அறிக்கையும், அவன் கொல்லைக்குப் போய் மண்வெட்டி எடுத்து வந்ததைப் பார்த்த அக்காவின் சாட்சியுமே ஜெயிக்க வைத்தன என்றாள் அத்தை. தன்னால்தான் என்று சின்னவள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அன்றைக்குத்தான் எங்களை அழைத்துப்போக அம்மா சிதம்பரத்திலிருந்து ஒரு தூக்கு நிறையக் கத்திரிக்காய் கொத்சோடு வந்திருந்தாள். அத்தை இட்லி ஊற்ற ஊற்றக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. கோர்ட்டிலிருந்து அத்தையோடு வந்த அக்காவும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். வீடே கல்யாண வீடாக இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்; எதற்கு என்றுதான் சரியாகத் தெரியாது.

கிளம்பும் முன் அக்கா சின்னவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்குப் படுத்திருந்தியே கண்ணு, அதே மாரி படு. படுத்துட்டு எழுந்திரு."

சின்னவளுக்குச் சொல்லவா வேண்டும்! வாயில் இட்லியோடு படுத்தாள், செத்தாள், எழுந்தாள்.

"இன்னொரு தபா."

மறுபடி செத்தாள், மறுபடி எழுந்தாள். நாங்கள் கைதட்டினோம். மூன்றாவது முறை படுக்கப் போனவளை அக்கா இரண்டு கையாலும் பிடித்து நிறுத்திக்கொண்டாள். "போதும் கண்ணு. எழுந்தே இரு."

சிதம்பரம் பஸ்ஸில் தம்பி சொன்னான், "அந்த அக்காவுக்கு நம்ம வெளையாட்டு அவ்ளோ புடிச்சிப்போச்சு, இல்ல?"

"பின்ன?" என்றேன் நான்.