கடிபட்ட முறுக்குக் கம்மல்

பாளையங்கோட்டையில் ஒரு வகுப்புக்குப் போய், மண்ணில் அச்செடுத்து வெள்ளி நகை வார்க்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். ஆழ்வார்குறிச்சியில் ஒரு கல்யாணம். அதற்கு நானே செய்த கம்மலோடுதான் போவது என்று முடிவு செய்துவிட்டேன். முறுக்குக் கம்மல்.

ரூபாய் நாணய அளவுக்குக் கைமுறுக்கு சுற்றிச் சுட்டேன். உடையாமல் தேறியது ஒன்றுதான். மண்ணில் அழுத்தினால் நொறுங்கிவிடுமே என்று அதற்கு நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசிக் காயவைத்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மொட்டைமாடியில் வேலை. ஆற்று வண்டலை மாவு சல்லடையில் சலித்து, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, இரும்பு வளையத்தில் இறுக்கினேன். முறுக்கைப் பாதி புதைத்து, மேலே இன்னொரு வளையம் வைத்து மண்ணை அடைத்தேன். பிரித்து முறுக்கை எடுத்ததும் அதன் வடிவம் பள்ளமாக நின்றது. மேல் மண்ணில் ஒரு துளை குடைந்து, வளையங்களை மறுபடி மூடி, பழைய கொலுசை உருக்கி அதன் வழியே ஊற்றினேன். எண்ணெய் மண் புகைந்தது. ஆறியபின் உடைத்தால், உள்ளே வெள்ளி முறுக்கு! சுற்றுக்குச் சுற்று அப்படியே.

அடுத்த கம்மலுக்கு அதே முறுக்குதான் அச்சு. அதைத் தட்டில் வைத்துவிட்டுக் கீழே தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் என் கணவர் வாயைக் கோணிக்கொண்டு நிற்கிறார்.

"எண்ணெய் வாடை தெருவரைக்கும் அடிக்கு. பலகாரம் சுடுதியோன்னு ஏறி வந்தா, ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருக்கே. ஏளா, அதுவும் கசக்கு."

தட்டில் முறுக்கு இருந்தது. ஓரத்தில் ஒரு கடி அளவு காணோம்.

"ஐயோ, அது முறுக்கு இல்லங்க, அச்சு!"

"முறுக்கு மாதிரில்லா இருந்துச்சு?"

"முறுக்குதான். ஆனா திங்கதுக்கு இல்ல. துப்புங்க, நெயில் பாலிஷ் பூசியிருக்கு!"

அவர் ஒரு குடம் தண்ணீரில் வாய் கொப்பளித்தார். இன்னொரு முறுக்கு சுட்டுக் காயவைக்க நேரமில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கடிபட்டதையே மண்ணில் அழுத்தினேன். பல் தடம் உட்பட வெள்ளியில் விழுந்தது.

கல்யாண வீட்டில் தலைமுடியால் ஒரு காதை மறைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பந்தியில் பக்கத்து இலையிலிருந்த அத்தை முடியை ஒதுக்கியே பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, ஒண்ணு முழுசு, ஒண்ணு கடிச்சதா? நல்லாருக்கே! எங்கன வாங்குனே?"

நான் வாய் திறக்குமுன் என் கணவர் முந்திக்கொண்டார். "வீட்லயே செஞ்சது அத்தை. டிசைன் என்னோடது."

அத்தை தன் மகளுக்கும் ஒரு ஜோடி கேட்டாள். அதே கடியோடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மாடியில் ஒரு டப்பா முறுக்கோடு உட்கார்ந்தார். கடிப்பார், வெயிலில் தூக்கிப் பார்ப்பார், "சரியா விழல" என்று மிச்சத்தையும் தின்பார். என் கம்மலையே மண்ணில் அழுத்தி அச்செடுத்துவிடலாம். சொல்லத்தான் மனசு வரவில்லை. அத்தனை சிரத்தையாகக் கடித்துக்கொண்டிருந்தார். டப்பா காலியாகி அவர் தூங்கப் போனதும் என் கம்மல்களையே மண்ணில் அழுத்தி வார்த்து முடித்தேன்.

அத்தையின் மகள் கம்மல் போட்டுப் படம் அனுப்பினாள். அவர் கைபேசியில் அதைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"கோரைப்பல்லு எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு பாத்தியாளா?" என்றார்.