தேவகி அக்கா ஏறிய மாடிப்படிகள்

"தேவகி அக்கா போயிட்டாங்கப்பா. மாரடைப்பாம்" என்று எங்கள் தபால் நிலையத்திலிருந்து போன் வந்தது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. ஏன் என்பதை அவரை அறிந்த உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

பெங்களூரு மர்பி டவுனில் அவர் கையால் தபால் வாங்காத வீடு குறைவு. போக்குவரத்து அபராத நோட்டீஸ் என்றால் அவருக்குத் தனிக் கவனம். ஆள் இல்லாவிட்டால் மறுநாளும் போவார். மூட்டுவலியோடு மூன்று மாடி ஏறி, கேட்டவர்களுக்குக் கன்னடத்தில் இருப்பதைத் தமிழில் படித்துச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். "கையில குடுக்காமலே ஃபைன் கட்டுன்னா எப்படிப்பா? அவங்க சைடையும் கேக்கணும்ல?" என்பார். கூட வேலை பார்க்கும் நாங்கள் சிரிப்போம்.

போன வருடம் ஒருநாள் அவர் லீவு. அவருடைய தெருக்களுக்கு நான் போனேன். ஆட்டோ ஓட்டும் முருகேசனுக்கு ஒரு நோட்டீஸ், மூன்றாவது மாடி. சோம்பல், ஏறவே இல்லை. 'பூட்டியிருந்தது' என்று எழுதினால் மறுபடி வர வேண்டும். கீழே நின்றபடியே 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திருப்பிவிட்டேன். அப்படி எழுதினால் கையில் கிடைத்ததாகவே கணக்கு. பாவி, தெரிந்தேதான் எழுதினேன்.

சில மாதம் கழித்து, அபராதம் கட்டவில்லை என்று போலீசார் முருகேசனின் ஆட்டோவைப் பிடித்துவிட்டார்கள். நோட்டீஸ் படத்தில் இருந்தது அவர் வண்டியே இல்லை. "அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே, நீங்கதானே வேணாம்னீங்க?" என்றார்களாம். முருகேசன் நேரே தபால் நிலையத்துக்கு வந்து அக்காவிடம் கத்தினார்.

"என் சோத்துல மண்ணப் போட்டுட்டியேக்கா!"

அவர் நீட்டிய உறை நகலில் 'வாங்க மறுத்தார்' என்றிருந்த கையெழுத்தை அக்கா பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தான் அன்று லீவு என்று சொல்லவில்லை. வேலை போய்விடுமே என்று நானும் உண்மையைச் சொல்லவில்லை.

முருகேசன் போன பிறகு அக்கா என்னிடம் வந்தார். "நான் காட்டிக்குடுக்க மாட்டேன். நீயே போய்ச் சொல்லிடு. அந்த மனுஷன் என் மூஞ்சியக்கூடப் பாக்காமப் போறான்ப்பா."

அதன்பின் வாரம் ஒருமுறையாவது "சொன்னியா?" என்று கேட்பார். "நாளைக்கு சொல்றேன்க்கா" என்பேன்.

நேற்று அக்காவைத் தூக்கிக்கொண்டு போனபோது முருகேசன் தெருமுனையில் நின்றிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். செய்யாத குற்றத்தோடு அக்காவைப் புதைத்துவிட்டோம்.

அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்வி ஒன்றுதான். 'நாளைக்கு' என்று சொல்ல இனி ஆள் இல்லை. வேலை போகலாம்.

முருகேசன், அதை எழுதியது நான். அக்கா அன்று லீவு.