அரையங்குலம் அக்காவின் வாடகை வீடு

அவளுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அரையங்குலம். யார் வைத்தார்களோ தெரியாது, ஆனால் கச்சிதமாக வைத்திருக்கிறார்கள். சோபாவை இறக்கிப் போட்டுவிட்டு ஆட்கள் வியர்வையைத் துடைப்பதற்குள், "அரை அங்குலம் இடது பக்கம் தள்ளுங்க" என்பாள். தள்ளினால், "இல்ல, முன்ன இருந்த மாதிரியே இருக்கட்டும்" என்பாள். அவர்கள் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் அரையங்குலம். அவளுக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை.

வேலை, மாதிரி வீடு ஜோடிப்பது. அடுக்குமாடி கட்டி விற்கிற நிறுவனம், கட்டடம் பாதியில் நிற்கும்போதே ஒரு வீட்டை மட்டும் முடித்து வைக்கும். வாங்க வருகிறவர்கள் அதைச் சுற்றிப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். அதில் எத்தனை தில்லுமுல்லு என்று நினைக்கிறீர்கள்! அலமாரியில் அடுக்கியிருக்கும் புத்தகங்கள் வெறும் அட்டை. கிண்ணத்தில் பளபளக்கும் ஆப்பிள் மெழுகு. அறைக் கதவுகளைக் கழற்றி எங்காவது சாத்தி வைத்துவிடுவார்கள், கதவு இல்லாத வீடு தாராளமாகத் தெரியும் என்பதால். இங்கே யாரோ சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று தோன்ற வேண்டும், அது யார் என்று மட்டும் தெரியக் கூடாது. இந்த வித்தையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு கூட்டம் வந்து போனதும் பின்னாலேயே போய்த் திண்டைத் தட்டுவாள், விரிப்பை இழுத்துவிடுவாள், கண்ணாடியில் விரல் பட்ட தடத்தைத் துடைப்பாள். அடுத்த கூட்டத்துக்கு வீடு புத்தம் புதிதாக நிற்கும்.

இப்படி ஊரார் வாயைப் பிளக்க வீடு ஜோடித்தவளுக்குச் சொந்தமாக ஒரு அறைகூட இல்லை என்பதுதான் கொடுமை. கணவனைப் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. சண்டை, கோர்ட்டு எல்லாம் ஓய்ந்தபோது அவள் நான்கு பெண்களோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தாள். அங்கே மகளை எங்கே படுக்க வைப்பது? பெண் அப்பாவிடமே தங்கிவிட்டாள். மாதம் இரண்டு முறை ஏதாவது கடையில் எதிரெதிரே உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இந்த வருடம்தான் அவளுக்குத் துணிச்சல் வந்தது. மூன்றாவது மாடியில், இரண்டு படுக்கையறை உள்ள வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். பிடித்த கையோடு பழைய கணவனுக்கு ஃபோன் போட்டுப் பேசினாள். அவரும் முரண்டு பிடிக்கவில்லை. பெண்ணுக்குப் பதினைந்து வயதாகிறது, லீவு முழுக்க அங்கே வந்து இருக்கட்டும், பள்ளி திறப்பதற்குள் எங்கே இருக்கப் போகிறாள் என்று அவளே சொல்லட்டும் என்றார். அவள் ஃபோனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதாள். அந்தச் சுவர்களுக்குள் மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும், வேறொன்றும் வேண்டாம். அந்த ஆசையை நெஞ்சில் கட்டிக்கொண்டு காலில் சக்கரம் கட்டினாற்போல் சுற்ற ஆரம்பித்தாள்.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஹவுஸ் ஓனர் அம்மாள் கறாராகச் சொல்லியிருந்தார். இவளிடமா! ஒட்டும் கொக்கிகளிலேயே பதினைந்து படங்களைத் தொங்கவிட்டாள். ஹாலுக்கு வெளிர்சாம்பல் திரை, அதற்குத் தோதாக விரிப்பு, மூலையில் பித்தளை நிற விளக்கு. மகளின் அறையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி, மேலே சின்னச் சின்ன நட்சத்திர விளக்குகள், நடுவில் வெள்ளைக் கட்டில். கட்டில், பழைய மாதிரி வீடு ஒன்றைக் கலைத்தபோது நிறுவனமே கழித்துப் போட்டது, இவள் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். வளைந்த தலைமாட்டோடு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். அதைப் போட்டதும் அந்தப் பொந்து போன்ற அறை சட்டென்று விசாலமாகிவிட்டது. வாசலில் நின்று பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

அவளுடைய சாமான் என்று ஒன்று உண்டென்றால் அது கேரம் போர்டு. கல்லூரியில் படித்த காலத்தில் ஆண்பிள்ளைகளை எல்லாம் மண்ணைக் கவ்வ வைத்தவள். சிவப்புக் காயை அவள் குறிவைத்தால் எதிராளி எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம். மகளுக்கும் ஐந்து வயதிலேயே விரலைச் சுண்டப் பழக்கியிருந்தாள். இப்போது அதை எடுத்துப் பார்த்தாள். ஓரம் சிதைந்து, நடுவில் ஏதோ எண்ணெய்க் கறையோடு, அந்த ஹாலுக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் அசிங்கமாக இருந்தது. பழைய துணியில் சுற்றிப் பரணில் தள்ளிவிட்டாள்.

மகள் ஒரே ஒரு பையோடு வந்தாள். ஹாலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அழகா இருக்கும்மா," என்றாள்.

அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த மிதப்பில், மகள் சோபாவின் நுனியில் உட்கார்ந்ததை அவள் கவனிக்கவில்லை. பெண் சுவரருகே போய் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். கடற்கரையில் ஒரு குழந்தை, தோட்டத்தில் சிரிக்கிற ஒரு தம்பதி, நாய்க்குட்டியோடு ஒரு கிழவர்.

"இவங்கல்லாம் யாரும்மா?"

யாருமில்லை. சட்டம் வாங்கும்போது உள்ளே இருந்த அச்சுப் படங்கள். மகளின் படங்கள் அம்மாவிடம் இல்லாமல் இல்லை, பளிச்சென்ற கலர் கலர் கவுனோடு எடுத்தவை, ஹால் நிறத்தோடு ஒட்டவில்லை. அதை எப்படிச் சொல்வது? மாற்றணும், இன்னும் மாற்றவில்லை என்று மழுப்பினாள். பெண் மேற்கொண்டு கேட்கவில்லை. கேரம் போர்டு எங்கே என்று மட்டும் கேட்டாள். பரணில் இருக்கிறது, ரொம்பப் பழசாகிவிட்டது என்றாள் அம்மா. மகள் ஓ என்று சொல்லி விட்டுவிட்டாள்.

அந்தப் பெண் இருந்த இருப்பைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தண்ணீர் குடித்தால் டம்ளரைக் கழுவித் துடைத்து எடுத்த இடத்திலேயே வைப்பாள். டிவி போடலாமா என்று கேட்டுக்கொண்டு போடுவாள். பைக்குள்ளிருந்து துணியை எடுப்பாள், அழுக்கை மடித்துப் பைக்குள்ளேயே வைப்பாள். காலியாகத் துடைத்து வைத்த அலமாரி திறந்த வாயோடு காத்திருந்தது. பதினைந்து வயதுப் பெண் இருக்கிற வீட்டில் ஒரு சத்தம், ஒரு சண்டை, ஒரு சடார் என்று சாத்திய கதவு வேண்டாமா? எது கேட்டாலும் 'நல்லா இருக்கும்மா', 'சரிம்மா', 'உனக்கு எது சௌகரியமோ அதும்மா'. ஜோடனை போதவில்லை என்று அம்மாவுக்குத் தோன்றியது, வேறென்ன தோன்றும்? வேலை முடிந்து வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இன்னொரு விளக்கு, இறகு வைத்த திண்டு, மேஜைக்கு ஒரு பீங்கான் பூனை. மகள் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னாள். பெற்ற தாய்க்கு நன்றி சொல்கிற பிள்ளையைப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வராது?

ஒருநாள் காலையில் அம்மா பால் டம்ளரோடு மகளின் அறைக்குள் போனாள். கட்டிலில் விரிப்பு ஒரு சுருக்கம்கூட விழாமல் கிடந்தது. பெண் கீழே, ஜன்னலோரமாக, வெறும் தரையில் துப்பட்டாவை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது அவளுக்கு. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே வாக்கியமாக வெளியே வந்தது.

"என் வீட்டுக் கட்டில்ல படுக்கக் கூடாதுன்னு உங்கப்பா சொல்லி அனுப்பினாரா?"

பெண் அடித்துப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். தூக்கம் கலையாத கண்ணில் நீர் திரண்டது.

"கால் நீட்ட முடியலம்மா. முதல் நாள்லேர்ந்தே முடியல."

பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. மாதிரி வீட்டுக் கட்டில்கள் எல்லாமே குட்டை. வீட்டில் போடுகிற அளவில் போட்டால் அறையின் லட்சணம் தெரிந்துவிடும், ஆகவே ஒரு அடியை நைசாக வெட்டிவிடுவார்கள். பார்க்க வருகிறவன் படுத்தா பார்க்கப் போகிறான்? தச்சரிடம் நின்று அந்த அளவைச் சொன்னவள் அவளேதான். கட்டிலைப் போட்டபோது, அறை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்த்தாளே தவிர, அதில் ஒரு ஆள் படுக்கப் போகிறாள் என்பது அவள் புத்தியில் உறைக்கவில்லை. மகளோ இந்த மூன்று வருடத்தில் அம்மாவையும் தாண்டி வளர்ந்துவிட்டாள். முழங்காலை மடக்கி மடக்கிப் படுத்துப் பார்த்து, வலி பொறுக்காமல் தரைக்கு இறங்கியிருக்கிறாள். விடிந்ததும் துப்பட்டாவை மடித்து வைத்துவிட்டு, கட்டிலில் படுத்து எழுந்ததுபோல விரிப்பைக் கொஞ்சம் கலைத்துவிடுவாளாம். அன்றைக்கு அசந்துவிட்டாள்.

"வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல பாப்பா?"

"நீ பாத்துப் பாத்துப் பண்ணிருக்க. எப்படிம்மா சொல்றது?"

அம்மா பால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கே பெரிய கட்டில் கொண்டுவந்துவிடலாம், கண்ணாடியை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டால் இடம் இருக்கும், திரையையும் மாற்றினால் எடுப்பாக இருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் நிறுத்தவில்லை.

"நான் சோபாவ விட்டு எந்திரிச்ச உடனே நீ பின்னாடியே வந்து திண்டத் தட்டி வைக்கிற. கண்ணாடியில என் கை பட்டா தொடைக்கிற. சீப்பை இங்க வச்சேன்னா திரும்பி வர்றப்ப அது வேற எங்கயோ நேரா இருக்கு. நான் இங்க இருந்தேங்கறதே தெரியாம ஆக்கிடுறம்மா. நீ வேணும்னு பண்ணல, எனக்குத் தெரியும். ஆனா பண்ற."

"பழக்கம் பாப்பா. கை தானா போகுது."

"தெரியும்மா," என்றாள் மகள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாள்.

அன்றே பெரிய கட்டில் வந்தது. அறையில் நடக்க இடமில்லை, கதவு பாதிதான் திறந்தது, அதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. எதையும் நேராக்குவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கை அரிக்கும்போது கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரு மாலை மகளின் காலுறை ஒன்று ஹால் விரிப்பின் நடுவில் கிடந்தது. அம்மா எடுக்கவில்லை. கிடக்கட்டும், என் பெண்ணின் காலுறை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கையைக் கட்டிப் போடலாம், கண்ணை என்ன செய்வது? பேசிக்கொண்டிருக்கும்போதே அது அங்கே போய்ப் போய் வந்தது. நாலாவது தடவை போனபோது மகள் எழுந்துபோய்க் காலுறையை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

அதன் பிறகு அம்மா பரணிலிருந்து கேரம் போர்டை இறக்கினாள். தூசி தட்டி, மாவு தூவி, காயை அடுக்கினாள். மகளும் வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் விரல் இன்னும் பொய்க்கவில்லை. பெண் ஓரிரு முறை சிரிக்கக்கூடச் செய்தாள். ஆனால் காய் வெளியே சிதறும்போதெல்லாம், அம்மா குனிவதற்கு முன்னால் அவள் முந்திக்கொண்டு குனிந்தாள்.

லீவு முடிய இருந்தது. சாப்பாட்டு மேஜையில், ரொட்டியைப் பிய்த்தபடியே மகள் சொன்னாள்.

"அம்மா, நான் அப்பாகூடவே இருக்கேம்மா. லீவுக்கு வர்றேன்."

ஏன் என்று கேட்க அம்மா வாயெடுத்தாள். கேட்டால் அந்தப் பெண் வலிக்காத ஒரு காரணத்தைத் தேடிச் சொல்லும், அதையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று தோன்றியது. "சரி பாப்பா, உன் இஷ்டம்," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அப்பா வந்தார். வாசல் மிதியடியைத் தாண்டி உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்து, வீடு ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார், மனதாரத்தான் சொன்னார். மகள் பையை மாட்டிக்கொண்டு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். குனிந்துதான் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. லிஃப்ட் கதவு மூடியது.

அவள் உள்ளே வந்து நேராக மகளின் அறைக்குப் போனாள். விரிப்பு நான்கு பக்கமும் விறைப்பாக இழுத்துச் செருகியிருந்தது. தலையணை நிமிர்த்தி வைத்திருந்தது. திரை பாதிக்கு ஒதுக்கி, மடிப்பு மடிப்பாக நின்றது. கண்ணாடியில் ஒரு பொட்டுத் தடமில்லை. அவளே செய்திருந்தாலும் அதற்கு மேல் செய்திருக்க முடியாது. அலமாரியைத் திறந்தாள், காலி. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தலையணையைப் புரட்டி ஒரு முடியாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடினாள். குளியலறைக்குள் ஓடினாள். அங்கே சோப்பைக்கூட ஈரம் போகத் துடைத்து வைத்திருந்தது. பைத்தியம் பிடித்தவள்போல் மறுபடியும் அறைக்கு வந்து விரிப்பை உருவி உதறினாள். ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கொஞ்சம் அடங்கியதும் ஃபோனை எடுத்தாள். மறுமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது.

"பாப்பா, ஏதாவது மறந்து வச்சிட்டுப் போயிட்டியா?"

"இல்லையேம்மா, எல்லாம் பாத்துத்தான் எடுத்தேன்." குரலில் ஒரு பதற்றம். "ஏன், ஏதாவது கெடக்கா? ஸாரிம்மா."

"இல்லடா," என்றாள் அம்மா. "எதுவுமே கெடக்கல."

"அப்பாடா," என்றாள் மகள்.